இரண்டு கதவுகள்: பெஞ்சமின் ஸெஃபனாயாவின் 'அகதிப் பையன்' குறித்து

2006ஆம் ஆண்டு மாரிகாலம். பிளேஸ்டோவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் குசினி மேசையில் என் மகள் பாடசாலையில் கொடுத்த நாவலொன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். வயது பன்னிரண்டு. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்பா, மனோர் பார்க் எண்டால் எங்கட மனோர் பார்க்தானே?"

"ஓம். வேற எது?"

"இதில ஒரு அகதிப் பெடியன் அங்கதான் இருக்கிறான்."

ஒரு புத்தகத்துக்குள் மனோர் பார்க் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். அவளுடைய சித்தியின் வீடு அங்கேதான் இருந்தது. அகதி புத்தகத்துக்குள் வருவான் என்பதை நான் எதிர்பார்த்திருந்தேன், ஆனால் சிறுவர் புத்தகத்துக்குள் அல்ல.

அந்த நாவல் 2001இல் புளூம்ஸ்பரி பதிப்பகம் வெளியிட்ட 'றெஃப்யூஜி போய்'. நாம் 'அகதிப் பையன்' என்று சொல்லிக்கொள்வோம். எழுதியவர் பெஞ்சமின் ஸெஃபனாயா. ரீவியில் நீண்ட சடைமுடியோடு தோன்றி, தாளத்தோடு கவிதை சொல்லுகிற மனிதராகத்தான் அதற்கு முன்னர் அவரை எனக்குத் தெரியும். சின்னப்பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் என்று ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். நம்மவர்களிடம் உள்ள வியாதி இது. சிறுவர் இலக்கியம் என்றால் இலக்கியத்தின் பாலர் வகுப்பு என்று ஒரு நினைப்பு. 2023 டிசெம்பர் 7ஆம் திகதி, மூளையில் ஏற்பட்ட கட்டியினால் தமது 65ஆவது வயதில் அவர் இறந்த செய்தி வந்தபோது மகளின் பழைய பிரதியைத் தேடியெடுத்து மீண்டும் வாசித்தேன். அந்த வாசிப்பில் எழுந்தவைதான் இங்கே.

அவர் 1958 ஏப்ரல் 15இல் பேர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வேர்த் பகுதியில் பிறந்தவர். தந்தை பார்படோஸிலிருந்து வந்த தபாற்காரர். தாய் ஜமேய்க்காவிலிருந்து வந்த தாதி. தந்தையின் அடி தாங்காமல் தாய் வீட்டைவிட்டு ஓடியபோது பெஞ்சமின் தாயோடு போனார். ஒளித்து ஒளித்து இடம் மாறிய பிள்ளைப் பருவம். எழுத்து ஓடவில்லை. பதின்மூன்று வயதோடு பாடசாலை முடிந்துபோயிற்று. பிறகு சீர்திருத்தப் பள்ளி, அதன்பின் களவுக் குற்றத்துக்காகச் சிறை. இருபதுகளின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்தார். வளர்ந்தோர் கல்வி வகுப்பொன்றில்தான் ஒழுங்காக எழுத வாசிக்கக் கற்றார். தமக்கு டிஸ்லெக்ஸியா என்னும் எழுத்துத் தடுமாற்றம் இருப்பதையும் அங்கேதான் அறிந்துகொண்டார். ஸெஃபனாயாவின் முதல் கவிதைத் தொகுதி 'பென் றிதம்' 1980இல் ஸ்ராற்போட்டில் இயங்கிய பேஜ் வண் புக்ஸ் என்ற கூட்டுறவு அமைப்பினால் வெளியிடப்பட்டது. பிளேஸ்டோவிலிருந்து ஸ்ராற்போட்டுக்கு நடந்தே போகலாம்.

எழுத வாசிக்க வராத ஒருவன் கவிஞனாவது ஐரோப்பியருக்கு வியப்பாக இருக்கலாம். நமக்கு அதில் வியப்பில்லை. கண்ணால் வாசிப்பதற்கு முன்னரே காதால் கவிதை கேட்டு வளர்ந்த சனம் நாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுகளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஏடு திறக்க முன்னரே பாடமாக்கியிருந்தார்கள். 1953இல் மறைந்த அவரைத் 'தங்கத்தாத்தா' என்று சனம் அழைத்ததே அந்தப் பாட்டுகளுக்காகத்தான். ஸெஃபனாயாவும் அந்த இனத்தைச் சேர்ந்தவர். கவிதை அவருக்குத் தாளிலிருந்து வரவில்லை. தாயின் வாயிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் ஜமேய்க்க இசைத்தட்டுகளிலிருந்தும் வந்தது. ஊர்வலங்களிலும் மறியல் போராட்டங்களிலும் மைக்கைப் பிடித்துச் சொல்லிப் பழகிய கவிதை. 1994இல் சிறுவர்களுக்கான அவரது முதற் தொகுதி 'ரோக்கிங் ரேர்க்கீஸ்' வெளிவந்தபோது சில வாரங்களிலேயே அவசரமாக மறுபதிப்புச் செய்யவேண்டி வந்தது. மேடையில் பெரியவர்களுக்குச் சொன்ன அதே குரலை அவர் பிள்ளைகளுக்காக ஒரு சுருதிகூட இறக்கவில்லை. நத்தார் வான்கோழிக்காகப் பரிந்து பேசும் கவிதைக்குள் மனிதர்களைப் பற்றியும் பேசினார்.

அவர் நெடுங்காலம் வாழ்ந்த நியூஹாம் எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இன்று ஈஸ்ற் ஹாம் ஹை ஸ்ரீற்றில் இடியப்பமும் நகைக்கடையும் கோவில் நோட்டீசும் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. 1980 யூலையில் அதே தெருவில் ஒரு பாகிஸ்தானிய இளைஞன் வெள்ளையினவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். அதைத் தொடர்ந்துதான் நியூஹாம் மொனிற்றரிங் புறொஜெக்ட் என்ற அமைப்பு உருவானது. 1992 புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஈஸ்ற் ஹாமில் நம்முடைய அகதி இளைஞன் ஒருவன் கும்பலொன்றால் அடித்துக் கொல்லப்பட்டான். நான் லண்டனுக்கு வந்து சேர்ந்தது அந்த ஆண்டின் பங்குனியில். "பின்னேரத்தில தனியப் போகாதை" என்பதுதான் எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் புத்திமதி. வெஸ்ற் ஹாம் அணி அப்ரன் பார்க்கில் விளையாடும் சனிக்கிழமைகளில் நாங்கள் கடைக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டோம். அந்த மைதானமும் 2016இல் போய்விட்டது.

ஸெஃபனாயா அந்தத் தெருக்களின் கவிஞர். 2003இல் அரசு ஓ.பி.ஈ. விருது தர முன்வந்தபோது, அந்தப் பெயரிலுள்ள 'பேரரசு' என்ற சொல் தமக்கு அடிமை வணிகத்தை நினைவூட்டுகிறது என்று பகிரங்கமாக எழுதி மறுத்தார். நம்மவர் ஒருவருக்கு எம்.பி.ஈ. கிடைத்தால் தமிழ்ப் பத்திரிகைகளில் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் வருகிறதை இவ்விடத்தில் நினைத்துக்கொண்டேன். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் ஒரு விளம்பரத்துக்குப் பத்துப் பவுண் கொடுத்திருக்கிறேன்.

நாவலுக்கு வருவோம். அகதிப் பையனின் பெயர் ஆலெம். தந்தை எதியோப்பியர், தாய் எரித்திரியர். 1998க்கும் 2000க்கும் இடையில் நடந்த எல்லைப் போர் அந்தக் குடும்பத்தின் நடுவால் போகிறது. நாவலின் தொடக்கத்தில் ஒரு காட்சி. எதியோப்பியாவில், குடும்பம் உறங்கும் வேளையில், இராணுவத்தினர் கதவை உடைத்து உள்ளே வந்து துப்பாக்கியை நீட்டி, நாட்டைவிட்டுப் போ அல்லது சாவு என்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் அதே காட்சி, ஏறத்தாழ அதே சொற்களில், எரித்திரியாவில். நாட்டின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. முதலிடத்தில் தாய் அந்நியள். இரண்டாமிடத்தில் தந்தை அந்நியன். இரண்டு கதவுகளும் ஒரே மாதிரி உடைகின்றன.

முதல்முறை வாசித்தபோது இது ஒரு உத்தி என்று மட்டும் எண்ணினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இதை எழுதியவர் யார் என்பதைப் பாருங்கள். ஸெஃபனாயா றாஸ்தபாரி மரபைச் சேர்ந்தவர். அந்த மரபினருக்கு எதியோப்பியா வெறும் நாடன்று. 1930இல் முடிசூடிய ஹெய்லி செலாசி அவர்களுக்குத் தெய்வம். எதியோப்பியா வாக்களிக்கப்பட்ட பூமி. கடல்கடந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஒருநாள் திரும்பிப்போகக் கனவு காணும் தாயகம். அந்தத் தாயகத்தின் சிப்பாயைத்தான், பிள்ளையின் வீட்டுக் கதவை உதைக்கிறவனாக, தமது நாவலின் முதற் பக்கத்திலேயே அவர் நிறுத்துகிறார். எரித்திரியச் சிப்பாயை மட்டும் காட்டியிருந்தால் ஒருவரும் அவரைக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். கனவு கண்ட நாட்டின் துப்பாக்கியையும் பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்று அவர் தீர்மானித்திருக்கிறார். இந்த நாவலின் உண்மையான துணிவு அங்கேதான் இருக்கிறது. பின்னால் வரும் ஊர்வலங்களிலும் வழக்காடல்களிலும் அல்ல.

இதற்குப் பிறகு கதை நமக்குத் தெரிந்த கதை. தந்தை மகனைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கு வருகிறார். ஹீத்ரோவுக்கு அருகே டாச்சற் என்ற சிற்றூரில் ஒரு விடுதி. ஒருநாள் முழுக்க லண்டனைச் சுற்றிக் காட்டுகிறார். அடுத்தநாட் காலை ஆலெம் விழிக்கும்போது தந்தை இல்லை. ஒரு கடிதம்தான் இருக்கிறது. ஆங்கிலேய வாசகருக்கு இவ்விடம் அதிர்ச்சி. நமக்கு அப்படியில்லை. காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை உருக்கி, பதினைந்து பதினாறு வயதுப் பெடியன்களைக் கொழும்புக்கு ஏற்றி, ஏஜென்சிக்காரன் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த பெற்றோரை நமக்குத் தெரியும். ஆனால் நமது புகலிடக் கதைகளில் அந்தச் சம்பவம் எப்போதும் கடனாகவோ, ஏஜென்சிக்காரனின் ஏமாற்றாகவோ, தாயின் கண்ணீராகவோதான் வரும். விடிய எழும்பிப் பார்த்த பிள்ளையின் பக்கத்திலிருந்து அதை எழுதியது நம்முடைய சனத்தைச் சேராத ஒருவர், அகதியாக ஒருநாளும் இராத ஒருவர்.

ஆலெம் சிறுவர் இல்லமொன்றில் அடிபடுகிறான். பிறகு மனோர் பார்க்கில் பிற்ஸ்ஜெரால்ட் குடும்பம் அவனைப் பொறுப்பெடுக்கிறது. பாடசாலைக்குப் போகிறான். தபாலுக்குக் காத்திருக்கிறான். ஊரிலிருந்து வரும் கடிதத்தை உடைக்க முன் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தை ஸெஃபனாயா அவசரமின்றி எழுதியிருக்கிறார். தாய் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. தந்தை திரும்பி வருகிறார். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பாடசாலைத் தோழர்கள் கையெழுத்துச் சேர்த்து ஊர்வலம் போகிறார்கள்.

குறைகளைச் சொல்லாமல் விடமுடியாது. ஆலெம் அளவுக்கு மீறி நல்லவன். கோபமே வராத அகதி. அவனைப் பார்த்தால் நியூஹாமில் எந்த வாத்தியாருக்கும் பிடிக்கும். நான் கண்ட அகதிப் பெடியன்கள் பொய் சொன்னார்கள், சண்டை பிடித்தார்கள், இரண்டு வயதைக் குறைத்துப் பதிந்தார்கள், ரெலிபோன் காட்டில் களவு செய்தார்கள். அவர்களுக்கும் தஞ்சம் வேண்டியிருந்தது. நல்லவனுக்கு இரங்குவது சுலபம். பெரியவர்கள் சிலர் ஊர்வலத் துண்டுப்பிரசுரம் மாதிரிப் பேசுகிறார்கள். உரைநடை தட்டை, 'ரோக்கிங் ரேர்க்கீஸ்' எழுதிய காதா இது என்று கேட்கத் தோன்றும். கடைசிக் குற்றச்சாட்டை மட்டும் இப்போது நான் பாதி வாபஸ் வாங்குகிறேன். பதின்மூன்று வயதில் ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காக வாசிக்கமுடியாதிருந்த மனிதர், அப்படிப்பட்ட பிள்ளை முடிக்கக்கூடிய நாவலை எழுதியிருக்கிறார். உரையாடல் அதிகம், வசனம் குறுகியது. என் மகளின் வகுப்பில் எந்தப் புத்தகத்தையும் முடிக்காத பெடியன்கள் இதை முடித்தார்களாம்.

முதல் நாவலான 'ஃபேஸ்' 1999இல் வந்தது. கார் விபத்தில் முகம் எரிந்துபோகும் கிழக்கு லண்டன் பையனின் கதை. கட்டமைப்பில் அது இதைவிட இறுக்கமானது. 2004இல் வந்த 'காங்ஸ்ரா றாப்' நாவலில் பாடசாலையால் துரத்தப்பட்ட மூன்று பெடியன்களில் ஒருவனின் பெயர் பிரேம். நம்முடைய பெடியனோ என்று ஒரு சபலத்தோடு வாசித்தேன்; அவ்வளவுதான். 2020இல் எழுதிய 'விண்ட்றஷ் சைல்ட்' தமது பெற்றோரின் தலைமுறைக்குச் செலுத்திய கடன். இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தாலும் நிற்கப்போவது 'அகதிப் பையன்'தான். 2013இல் லீட்ஸில் அதை மேடைக்காக எழுதியவர் லெம் சிஸ்ஸே. எதியோப்பியத் தாய்க்குப் பிறந்து இங்கிலாந்தின் சிறுவர் இல்லங்களில் வளர்ந்த கவிஞர் அவர். அந்தப் பொறுப்பு போகவேண்டிய கைக்கே போயிருக்கிறது.

முடிவைப் பற்றி எனக்கு நீண்டநாள் சண்டை இருந்தது. தந்தை லண்டன் தெருவொன்றில் சுட்டுக் கொல்லப்படுகிறார். அதன்பிறகுதான் மகனுக்கு இங்கே தங்க அனுமதி கிடைக்கிறது. சினிமாத்தனம் என்று 2006இல் சொன்னேன். சொல்லிவிட்டு இரவு யோசித்தேன். 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் சபாலிங்கம் தன் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டது நமக்குச் சினிமாவா? ஊரின் துப்பாக்கி புகலிடத்துக்கும் விமானமேறி வரும் என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அடுத்தது, அந்த அனுமதி. தந்தை உயிரோடு இருந்தபோது ஊரில் ஆபத்தில்லை என்றார்கள். தந்தையின் பிணம் அத்தாட்சியாக வந்தபோது ஏற்றுக்கொண்டார்கள். குறோய்டனில் விடியற்காலை வரிசையில் நின்று, காயத் தழும்பைக் காட்டு, மரண அத்தாட்சிப் பத்திரம் இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்ன எவருக்கும் இது மிகையாகத் தெரியாது.

மகள் அந்தத் தொடக்கப் பக்கங்களைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "அப்பா, உங்கட வீட்டுக்கு எந்தக் கதவால வந்தவை?"

1983 யூலையை அவளுக்குச் சொன்னேன். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு, முன்கதவில் விழுந்த அலவாங்கு, பின்மதிலால் தூக்கிப் போடப்பட்ட தங்கச்சி, பிறகு அகதி முகாம், கப்பலில் காங்கேசன்துறை. அவள் அழுதாள். அடுத்தநாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாளாம். ஆசிரியை பாராட்டினாராம். நான் பெருமைப்பட்டேன்.

இரண்டாவது கதவை நான் சொல்லவில்லை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடவேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் இருந்தேன். சனம் பைகளோடு போவதைச் சந்தியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நின்று பார்த்தவர்கள் பலர். என்ன கதைத்தோம் என்று நினைவில்லை. அடுத்த ஆண்டு ஷெல் விழுந்து மாமா வீட்டின் முன்பக்கம் உடைந்தது. மாமா ஒரு கதவு வாங்கிவந்தார். நல்ல முதிரைக் கதவு, மலிவு. எங்கே வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. விட்டுப்போன வீடுகளின் கதவும் நிலையும் ஓடும் கழற்றி விற்கப்பட்ட காலம் அது, கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆறு மாதம் அதற்குப் பின்னால் நான் நித்திரை கொண்டேன். பிறகு லண்டனுக்கு வந்து, வெள்ளவத்தைக் கதவைச் சொல்லித் தஞ்சம் கேட்டேன்.

நமது புகலிடச் சஞ்சிகைகள் இந்த இரண்டாம் கதவை எழுதாமல் விடவில்லை. தொண்ணூறுகளிலேயே மிரட்டல்களுக்கு நடுவில் எழுதின, பெரியவர்களுக்காக எழுதின. பிள்ளைகளுக்கோ சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் நாங்கள் கொடுத்தது பனைமரமும் ஆடிக்கூழும், ஒரு கதவும் உடையாத ஊரும். தங்கத்தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ட ஊர் அது. வள்ளியப்பாவும் தமது காலத்துப் பிள்ளைகளுக்குப் பாடினார். அவர்களுக்குப் பின் வந்த நாங்கள் அந்தப் பாட்டுகளைத் திரையாகப் பிடித்துக்கொண்டோம். சில இடங்களில் முதற் கதவை மட்டும் காட்டினோம். அதைக் காட்டும்போது பிள்ளைகள் அழுதார்கள்; நமக்கும் மனம் ஆறியது.

இரண்டையும் ஒரே பக்க அளவில், ஒரே சொற்களில், ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் வைப்பது எத்தனை கடினம் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஸெஃபனாயா சமன் செய்யவில்லை. எவன் கூடக் கெட்டவன் என்று அளக்கவுமில்லை. கதவுக்கு உள்ளே நிற்கிற பிள்ளைக்கு அந்த அளவுகோல் உதவாது என்று விட்டுவிட்டார்.

இந்த வருடம் தைப்பொங்கல் விழாவில் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்க ஏதாவது சொல்லுங்கோ அண்ணை என்றார். 'அகதிப் பையன்' கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். மனோர் பார்க் என்றதும் சிரித்தார். தொடக்கப் பக்கங்களைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் நின்றார்.

"அது இங்கிலிஷ்தானே அண்ணை. தமிழில ஒண்டு சொல்லுங்கோ."

யோசித்துச் சொல்லுகிறேன் என்று அவருடைய ரெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன்.